அளவு கொடுத்த விரல்

ஜனவரி 11

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். இங்கே யாருக்கும் உடம்புக்குப் புதிதாக ஒன்றும் இல்லை, பழையது அப்படியே இருக்கிறது. உன் இருமல் நின்றதா? நீ தனியாகப் பொங்கித் தின்கிற லட்சணத்தை நினைத்தால் எனக்கே தொண்டை கரகரக்கிறது.

நீ அனுப்பிய புதுப் பிரவுசரை அத்தானுடைய கம்ப்யூட்டரில் ஏற்றிவிட்டேன். பேப்பர் நன்றாக வருகிறது. நீல வளையம் ஒவ்வொரு தலைப்பாகத் தானே நகர்ந்து போகிறது. வேண்டிய இடத்துக்கு வந்ததும் அத்தான் மௌஸை ஓர் அழுத்து அழுத்துகிறார், செய்தி திறக்கிறது. உடம்பு முழுக்க வேலைநிறுத்தம் செய்தாலும் அந்த வலது ஆள்காட்டி விரல் மட்டும் டியூட்டிக்கு வந்துகொண்டிருக்கிறது. ஊரெல்லாம் வைத்திருக்கிற பிரவுசர்கள் இந்தக் கிழட்டுக் கம்ப்யூட்டரில் மூச்சே விடுவதில்லை. உன்னுடையதுதான் மெல்ல மெல்ல ஊர்கிறது. அத்தான் அதற்கு நத்தை என்று பெயர் வைத்திருக்கிறார். கோபித்துக்கொள்ளாதே.

ஒரே குறை. முகம் தெரியாதவர்களோடு ஆடுகிற அந்த செஸ் தளம் திறந்தால் வெள்ளைத் தாள்தான் வருகிறது. அத்தான் பஸ் ஓட்டிய காலத்தில் டிப்போவில் டிரிப்புக்கு நடுவே செஸ் ஆடுவார், உனக்குத் தெரியும். இப்போது வீட்டுக்கு வந்து ஆடுகிறவர்கள் எல்லாரும் வேண்டுமென்றே தோற்கிறார்கள். போன வாரம் பழைய கண்டக்டர் வந்து ராணியைத் தாம்பாளத்தில் வைத்துக் கொடுக்காத குறையாகக் கொடுத்துவிட்டுப் போனார். அவர் போனதும் அத்தான் சொன்னார்: "எனக்கு வியாதின்னு தெரியாத ஒருத்தன்கூட ஒரு ஆட்டம் ஆடணும். நானே, என் விரலால. தோத்தாலும் பரவால்ல." நான் காய் நகர்த்தித் தருகிறேனே என்றேன். "நீ ஸ்டியரிங் பிடிச்சா அது உன் டிரிப்பு" என்று வாயை அடைத்துவிட்டார். அந்தத் தளத்தில் ஒரு காயை நகர்த்த நாள்கணக்கில் எடுத்துக்கொள்ளலாமாம். அவருக்கு ஏற்றது அது ஒன்றுதான்.

இதையெல்லாம் போனில் பேச முடியவில்லை. இருப்பது ஒரே அறை, தையல் மிஷினுக்கும் அவர் கட்டிலுக்கும் கைக்கெட்டும் தூரம். காது மட்டும் அவருக்கு முன்னைவிடக் கூர்மை. அதனால்தான் மெயிலில் எழுதுகிறேன்.

உடம்பைப் பார்த்துக்கொள்.
அக்கா

ஜனவரி 20

அன்புள்ள அக்காவுக்கு,

இருமல் நின்றுவிட்டது, இப்போது தும்மல். அத்தானுக்கு என் வணக்கம். நத்தை என்ற பெயரை இங்கே தாடிக்காரரிடம் சொன்னேன், அவருக்கும் பிடித்துவிட்டது.

தாடிக்காரர் யார் என்று கேட்பாய். இந்தப் பிரவுசரைச் சம்பளம் இல்லாமல் கட்டிக்கொண்டிருப்பவர்களில் மிஞ்சியவர்கள் நாங்கள் இரண்டு பேர். நான் அவரை நேரில் பார்த்ததில்லை, படத்தில் தாடி மட்டும் தெரிகிறது. செஸ் தளம் வெள்ளையாக வருவதற்குக் காரணம் அந்தத் தளம் இல்லை, நாங்கள்தான். பக்கத்தைக் கட்டம் கட்டமாக அடுக்குகிற வேலை எங்களிடம் அரைகுறையாக நிற்கிறது. பெரிய பிரவுசர்களில் ஒரு படையே உட்கார்ந்து செய்கிற வேலை அது. இங்கே நான் காலையில் ஆபீஸ் கிளம்புவதற்கு முன்னால் கொஞ்சம், ஞாயிற்றுக்கிழமை கொஞ்சம் செய்கிறேன். ஆனாலும் செய்துவிடலாம். அத்தானிடம் பலகை வரும் என்று சொல்.

இன்னொன்று. ஒரு விரலால் இயக்கும் முறையில் எதை மாற்றினாலும், உண்மையாக அதைப் பயன்படுத்துகிறவரிடம் சோதித்த பிறகுதான் சேர்க்க வேண்டும் என்பது தாடிக்காரரின் சட்டம். உலகத்தில் அந்த முறையை நம்பி இன்னும் சில பேர் இருக்கிறார்கள். அதனால் ஒவ்வொரு தடவையும் ஏற்றிப் பார்த்து நீ எழுது. நல்லது கெட்டது இரண்டையும் எழுது.

உன் முதுகு வலி எப்படி?
தம்பி

பிப்ரவரி 23

அன்புள்ள தம்பிக்கு,

முதுகு இருக்கிறது, வலியும் இருக்கிறது. நீ சுகம்தானே?

பலகை வந்துவிட்டது! ஆனால் காய்கள் மொத்தமும் ஒரு மூலையில் ஒன்றன்மேல் ஒன்று ஏறிக் கிடக்கின்றன. ராஜா தலையில் குதிரை, குதிரை மேல் யானை, சிப்பாய்கள் எங்கே போனார்கள் என்றே தெரியவில்லை. அத்தான் பார்த்துவிட்டு, "சம்பள நாள்ல டிப்போ கவுன்ட்டர் இப்படித்தான் இருக்கும்" என்று சிரித்தார். சிரித்துப் புரையேறி நான் பயந்து போய் முதுகைத் தடவி, அதன் பிறகும் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்து ரொம்ப நாளாயிற்று. அதற்காகவே உனக்கு நன்றி சொல்ல வேண்டும்.

ஒரு சங்கடம். தவறான இடத்தில் அழுத்திவிட்டால் திரும்பி வருவதற்கு வளையம் பக்கம் முழுக்கச் சுற்ற வேண்டியிருக்கிறது. அதற்கு ஏதாவது வழி இருந்தால் பார்.

அத்தான் வாயெல்லாம் இப்போது செஸ்தான். முதல் நகர்த்தலை இப்போதே யோசித்து வைத்திருக்கிறார், என்னிடம்கூடச் சொல்ல மாட்டேன் என்கிறார்.

வேளைக்குச் சாப்பிடு.
அக்கா

மார்ச் 8

அன்புள்ள அக்காவுக்கு,

நலம். நீங்களும் அப்படியே இருக்க வேண்டும்.

தாடிக்காரர் போய்விட்டார். உயிரோடுதான் இருக்கிறார். "இதை நாலு பேர் பயன்படுத்துகிறார்கள், அதில் இரண்டு பேர் நாம்" என்று எழுதிவிட்டு விலகிக்கொண்டார். அவரைக் குறை சொல்ல மாட்டேன். இங்கே ஆபீஸிலும் பெரிய பொறுப்பு தருகிறேன் என்கிறார்கள், ஞாயிற்றுக்கிழமையும் சேர்த்துத்தான் கேட்கிறார்கள். உண்மையைச் சொல்கிறேன் அக்கா, இந்த வேலையில் என்னைக் கட்டிப்போட்டிருப்பது அத்தான் விரல் ஒன்றுதான். அது ஓய்ந்துபோனால் நானும் கடையைச் சாத்திவிடுவேன்.

காய்களைக் கலைத்து அதனதன் இடத்தில் நிற்க வைத்துவிட்டேன். இன்னும் நகராது, நிற்கும்.

ஒரு உதவி வேண்டும். அமைப்புகள் பக்கத்தில் 'அழுத்தப் பதிவு' என்று ஒன்று வைத்திருக்கிறேன், விரல் அழுத்துகிற ஒவ்வொன்றையும் அது குறித்துக்கொள்ளும். அதை இயக்கிவிட்டு அத்தானைக் கொஞ்ச நேரம் பேப்பர் படிக்கச் சொல்லி, பதிவை எனக்கு அனுப்பு. விரல் எந்த நிலையில் இருக்கிறது என்று அதைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும்.

ஏப்ரலில் நான்கு நாள் லீவு கிடைக்கும். வரட்டுமா?
தம்பி

ஏப்ரல் 14

அன்புள்ள தம்பிக்கு,

பதில் தாமதமாகிவிட்டது. பள்ளிச் சீருடை தைக்கிற நேரம், தலைக்கு மேல் வேலை. நீ நலமா? நாங்கள் நலம். அத்தானும் தேவலை.

இப்போது வர வேண்டாம். வீட்டுக்கு வெள்ளையடிக்கப் பேசியிருக்கிறோம், சாமானெல்லாம் வெளியே கிடக்கும், உன்னை எங்கே படுக்க வைப்பது? பிறகு வா.

காய்கள் அணிவகுத்து நிற்கின்றன. யானை மட்டும் அரைக் கட்டம் வெளியே நீட்டிக்கொண்டிருக்கிறது. பேப்பர் படிக்க அவருக்குப் பழைய பதிப்பையே விட்டு வைத்திருக்கிறேன், பழகியது அதுதானே. புதியதைத் தனியாக வைத்துச் சோதிக்கிறோம். நீ கேட்ட பதிவை இதோடு அனுப்பியிருக்கிறேன். நன்றாகத்தான் வந்திருக்கிறது என்று நினைக்கிறேன்.

கடையைச் சாத்துகிற பேச்சை எடுக்காதே. முக்கால் கிணறு தாண்டிவிட்டு நிற்காதே.

அக்கா

ஏப்ரல் 20

அன்புள்ள அக்காவுக்கு,

நீங்கள் இருவரும் நலமாக இருப்பது கண்ணுக்கு முன்னால் தெரிகிறது, விசாரிக்கவே வேண்டாம் போலிருக்கிறது! பதிவைப் பார்த்துவிட்டு நாற்காலியை விட்டு எழுந்துவிட்டேன். அத்தான் விரல் தேறிவிட்டதே! டக் டக்கென்று ஹாரன் அடிக்கிற மாதிரி அழுத்தியிருக்கிறார். டாக்டர் என்ன சொன்னார்? மருந்து மாற்றினார்களா? நீ ஒரு வார்த்தை எழுதவில்லையே, கல்நெஞ்சக்காரி.

அவருடைய வேகத்துக்கு வளையம் மந்தமாக இருந்திருக்கும், பாவம். வேகப்படுத்திவிட்டேன். திரும்பி வருகிற சங்கடத்துக்கும் வழி செய்துவிட்டேன். பொத்தானைச் சட்டென்று அழுத்தி விட்டால் 'தேர்ந்தெடு'. அழுத்தியபடியே பிடித்திருந்தால் 'திரும்பிப் போ'. இப்படி ஒரு யோசனை முன்பே தோன்றவில்லையே என்று என்னையே குட்டிக்கொண்டேன். அளந்து பார்த்துத்தான் சேர்த்திருக்கிறேன், தாடிக்காரர் இருந்திருந்தால் சந்தோஷப்பட்டிருப்பார்.

தூர தேசத்து அம்மா ஒருவர், அவருக்கும் கை வராது, வேகம் தாங்க முடியவில்லை என்று எழுதியிருந்தார். என் அத்தானே சமாளிக்கிறார், கொஞ்சம் பழகிப் பாருங்கள் என்று பதில் போட்டேன்.

காய்கள் அடுத்த மாதம் நகரும். அத்தானைத் தயாராக இருக்கச் சொல்.

மிகுந்த மகிழ்ச்சியோடு,
தம்பி

மே 27

அன்புள்ள தம்பிக்கு,

நலம். நலமறிய ஆவல்.

அந்த அம்மாவிடம் அப்படிச் சொல்லியிருக்க வேண்டாம். அவரவர் கை அவரவருக்குத்தானே தெரியும்.

காய்கள் நகர்கின்றன. சிப்பாய், குதிரை, ராணி எல்லாவற்றையும் நகர்த்திப் பார்த்தாயிற்று. அத்தான் களைப்பாக இருக்கிறார், இன்னும் ஆட்டம் தொடங்கவில்லை. வெயில் தணியட்டும் என்று இருக்கிறேன்.

வளையத்தின் வேகத்தைக் கொஞ்சம் குறைக்கலாமா? அந்தப் பிடித்தால் திரும்புவதையும் எடுத்துவிட முடியுமா? அவசரமில்லை. உனக்கு நேரம் இருக்கும்போது.

அக்கா

ஜூன் 3

அன்புள்ள அக்காவுக்கு,

நலம்தான், ஆனால் ஆபீஸ் உயிரை வாங்குகிறது. புதுப் பொறுப்பை ஏற்றுக்கொண்டுவிட்டேன், ஞாயிறு போயிற்று.

வேகத்தைக் குறைப்பது பெரிய வேலை இல்லை, அடுத்த பதிப்பில் செய்துவிடுகிறேன். அத்தான் இருக்கிற ஃபார்முக்கு அது தேவையே இல்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அந்தத் தூர தேசத்து அம்மாவிடமிருந்து அப்புறம் கடிதமே இல்லை, பழகிவிட்டார் போலிருக்கிறது.

ஆட்டத்தைத் தொடங்கச் சொல் அக்கா. எதிரில் ஆடுகிறவன் யார், அத்தான் முதலில் எந்தக் காயை எடுத்தார் என்று உடனே எழுது. நாலைந்து மாத வேலை, அதைத் தெரிந்துகொள்ளாமல் எனக்குச் சோறு இறங்காது.

தம்பி

ஜூன் 22

தம்பி,

நலம் விசாரிக்கிற மனநிலையில் இல்லை, மன்னித்துக்கொள்.

நேற்றைக்கு முந்தைய நாள் சாயங்காலம் அத்தான் தூங்குகிறார் என்று நினைத்து பலகையைத் திறந்து பார்த்துக்கொண்டிருந்தேன். அவர் விழித்திருந்திருக்கிறார். "போர்டு ரெடியாயிடுச்சா?" என்றார். பேச்சு இப்போது ரொம்பக் குழறுகிறது, ஆனாலும் அது தெளிவாகக் கேட்டது. இல்லை என்று எப்படிச் சொல்வேன்? முகம் கழுவிவிடச் சொன்னார். சட்டை மாற்றிவிடச் சொன்னார். எதிரில் ஆடுகிறவன் பார்க்கவே முடியாத ஆட்டத்துக்குச் சட்டை மாற்றிக்கொண்டு உட்கார்ந்தார்.

விரலை மௌஸ் மேல் எடுத்து வைத்தேன். வளையம் குதித்துக் குதித்து ஓடியது. அவர் கண்ணாலேயே அதன் பின்னால் ஓடி, ராஜாவுக்கு முன்னால் நிற்கும் சிப்பாய் மேல் வந்ததும் அழுத்தினார். விரல் இறங்கியது, தம்பி. மெதுவாக, ஆனால் சரியான நேரத்தில் இறங்கியது. தூக்கத்தான் நேரமாயிற்று. அதற்குள் பலகை மறைந்து முதல் பக்கம் வந்துவிட்டது. "ரிவர்ஸ்லயே போவுதே வண்டி" என்று சிரித்தார். மறுபடியும் அழுத்தினார், மறுபடியும் முதல் பக்கம். மூன்றாவது தடவை சிரிக்கவில்லை. வெகுநேரம் விரலையே பார்த்துக்கொண்டிருந்தார். "விரலும் போயிடுச்சு" என்றார். கம்ப்யூட்டரை மூடச் சொல்லிக் கண் காட்டினார்.

நீ வாங்கிய பதிவு என் விரலுடையது. அதற்குப் பிறகு நான் எழுதிய எல்லாச் சோதனையும் என் விரல்தான். மார்ச்சிலேயே அவர் விரல் தளர்ந்துவிட்டது. அழுத்துவார், எடுக்க முடியாமல் அப்படியே கிடக்கும், பிறகு மெல்ல வரும். பழைய பதிப்பில் அது ஒரு பொருட்டே இல்லை, எவ்வளவு நேரம் கிடந்தாலும் ஏற்றுக்கொண்டது. ஆனால் விரல் ஓய்ந்தால் கடையைச் சாத்துவேன் என்று நீ எழுதியிருந்தாய். விரலின் நிலை அதில் தெரிந்துவிடும் என்று வேறு எழுதியிருந்தாய். நான் அதைப் பரீட்சைப் பேப்பர் என்று நினைத்துவிட்டேன். அவர் பெயிலானால் நீ போய்விடுவாய் என்று அவருக்கு பதிலாக நான் எழுதிக் கொடுத்தேன். நீ அளவு எடுக்கிறாய் என்று எனக்குத் தோன்றவே இல்லை. நான் ஒரு தையல்காரி. மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு இடுப்பளவு கொடுக்கிற வாடிக்கையாளர்களைத் தினமும் திட்டுகிறவள். என்னைவிட மோசமாக யாரும் அளவு கொடுத்ததில்லை.

வெள்ளையடிக்கவும் இல்லை ஒன்றும் இல்லை. நீ வந்தால் அவரைப் பார்த்துவிடுவாய் என்றுதான்.

அக்கா

ஜூன் 23

அக்கா,

படித்ததும் எழுதுகிறேன். ஆபீசுக்குப் போகவில்லை.

சரி செய்துவிட்டேன். புதிய பதிப்பு இதோடு இருக்கிறது. எவ்வளவு நேரம் அழுத்தினாலும் ஒரே ஓர் அழுத்தம்தான், திரும்புவது கிடையாது. வளையம் பழையபடி நின்று நிதானமாகப் போகும். எவ்வளவு சின்ன வேலை தெரியுமா? காபி ஆறுவதற்குள் முடிந்துவிட்டது. மே மாதம் நீ கேட்டபோதே செய்திருக்கலாம். அடுத்த பதிப்பில் பார்க்கலாம் என்று எழுதினேனே, அந்தக் கையை என்ன செய்வது?

உன்மேல் எனக்குக் கோபம் வந்தது. மறைக்கவில்லை. அப்புறம் என் பழைய கடிதத்தை எடுத்துப் பார்த்தேன். எதற்காக அளக்கிறேன் என்று ஒரு வரிகூட எழுதாமல், கடையைச் சாத்துவேன் என்று மட்டும் வீராப்பாக எழுதியிருக்கிறேன். வேறு யாராக இருந்தாலும் அதையேதான் செய்திருப்பார்கள். அந்தத் தூர தேசத்து அம்மாவுக்கும் மன்னிப்புக் கேட்டு எழுதிவிட்டேன். பதில் இல்லை. இனி வராது என்றுதான் நினைக்கிறேன்.

அத்தானிடம் சொல் அக்கா. போனது அவர் விரல் இல்லை, என் பிரவுசர் என்று சொல். இந்தக் கடிதத்தையே காட்டு. நீ சொன்னபடி பார்த்தால் மூன்று தடவையும் அவர் சரியாகத்தான் அழுத்தியிருக்கிறார். தவறு முழுக்க இந்தப் பக்கம். அவருக்கு அது தெரிந்தே ஆக வேண்டும்.

அடுத்த மாதம் வருகிறேன், வேண்டாம் என்று சொல்லாதே.
தம்பி

ஜூலை 19

அன்புள்ள தம்பிக்கு,

நீ நலமா? நான் நலம். அத்தானுக்கு இப்போது சாப்பாடு குழாய் வழியாகத்தான். நர்ஸ் ஒருவர் வந்து சொல்லிக் கொடுத்துவிட்டுப் போனார், கற்றுக்கொண்டேன்.

புதிய பதிப்பை அன்றைக்கே ஏற்றிவிட்டேன். எல்லாவற்றையும் அவரிடம் சொன்னேன், ஒன்று விடாமல். என் விரலால் அழுத்தியது, பதிவு அனுப்பியது, நீ வேகப்படுத்தியது, அழுத்திப் பிடித்தால் திரும்புவது, எல்லாம். சொல்லும்போது அவர் காலைப் பிடித்துக்கொண்டேன். அவர் கோபப்படவில்லை. கோபப்பட்டிருந்தால் பிழைத்திருப்பேன். குழந்தை கதை சொன்னால் கேட்போமே, அப்படிக் கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில், "நல்லாத்தான் யோசிச்சு வச்சிருக்க" என்றார்.

நான் கதை கட்டிச் சொல்கிறேன் என்று நினைக்கிறார், தம்பி. யோசித்துப் பார்த்தால் அவரைச் சொல்லிக் குற்றமில்லை. மார்ச்சிலிருந்து விரல் தேறுகிறது, டாக்டர் நல்லபடியாகச் சொன்னார், அடுத்த வாரம் பார் என்று நாளுக்கொன்று சொல்லிக்கொண்டிருந்தேன். அதெல்லாம் பொய் என்று அவருக்குத் தெரிந்தேதான் இருந்திருக்கிறது. நான் சந்தோஷப்படட்டும் என்று கேட்டுக்கொண்டிருந்திருக்கிறார். இதுவும் அதில் ஒன்று என்று வைத்துக்கொண்டார். உன் கடிதத்தைத் திரையில் பெரிதாக வைத்துக் காட்டினேன். முழுக்கப் படித்தார். "மச்சான் நல்லவன். நீ சொன்னா எதுவும் எழுதுவான்" என்றார்.

விரலை மௌஸ் மேல் வைத்தால் அப்படியே வைத்திருக்கிறார். அழுத்துவதில்லை. முடியாமல் இல்லை, முயற்சி செய்வதில்லை. பேப்பரும் வேண்டாமாம்.

முடியும் என்று எனக்கு எப்படித் தெரியும் என்றால், நேற்று மத்தியானம் அவர் கண்ணயர்ந்திருந்தார். விரல் மட்டும் போர்வைமேல் மெல்ல இறங்கி, கொஞ்சம் கிடந்து, மெல்ல ஏறியது. கனவில் எதையோ அழுத்துகிறாரோ என்னவோ. நான் சத்தம் போடாமல் பலகையைத் திறந்து மௌஸை விரலுக்கு அடியில் நகர்த்தி வைத்தேன். வளையம் நிதானமாகச் சுற்றிக்கொண்டிருந்தது. வெகுநேரம் கழித்து விரல் மறுபடியும் இறங்கியது. பலகை மறையவில்லை. ஓரத்து யானைக்கு முன்னால் நிற்கும் சிப்பாயைத் தேர்ந்தெடுத்து, அது பச்சையாக நின்றது. அவர் விரல் அழுத்தி, உன் நத்தை கேட்டது, தம்பி. மௌஸை வைத்த பிறகு நான் கிட்டவே போகவில்லை.

அவரை எழுப்பினேன். பாருங்க, பாருங்க, நீங்க அழுத்தினது என்று திரையைத் திருப்பிக் காட்டினேன். சிப்பாயைப் பார்த்தார். என் கையைப் பார்த்தார்.

"நீ அழுத்தியிருப்ப" என்றார்.

கண்ணை மூடிக்கொண்டார். நான் பிறகு தளத்தை மூடிவிட்டேன். நீ வருவதென்றால் சீக்கிரம் வா. புதிய பதிப்பு சரியாக வேலை செய்கிறது.

அன்புடன்,
அக்கா